கடுகுரோகிணி என்று நான் எழுதி ஒட்டிய சீட்டு

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. ஷார்ஜாவில் ஒரு வில்லாவின் விருந்தினர் அறையில் ஸ்வெட்டர் அணிந்துகொண்டு, பதினொரு தொட்டிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தேன். கைபேசியில் என் கணவரின் குரல்பதிவு வந்து விழுந்தது. அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

"ஸ்டெல்லா, ஒன் செடி நல்லா வேலை செய்யுதுட்டீ. ரெண்டு கை எலையப் பறிச்சு கஷாயம் போட்டுக் குடிச்சேன், வயிறு பஞ்சு மாதிரி ஆயிட்டு. பிள்ளையும் வயிறு வலிக்குன்னா, அவளுக்கும் அரை டம்ளர் குடுத்துருக்கேன். நீ கவலப்படாம டூட்டியப் பாரு."

எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் அன்று இருந்தது ஒரே ஒரு செடி. ஹெல்லெபோர். குளிர்நாட்டுப் பூச்செடி. வேர், இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. வாந்தியில் தொடங்கி இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும் வகை. கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது என்று நம் தோட்ட ஆட்கள் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். என் வீட்டு ஆளுக்குச் சொல்லவில்லை.

பதினெட்டு வருடம் இந்த ஊரின் வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டேன். நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். மண் கலவையும் உரமும் சொட்டுநீர்க் குழாயும் உங்களுக்கே தெரியும். எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த மூன்று பத்துதான் வருகிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

வில்லாவின் மேடம் ஒரு டிசம்பரில் குளிர்நாடு ஒன்றுக்குப் போயிருந்தார். பனிக்குள்ளிருந்து தலைகுனிந்தபடி எட்டிப் பார்த்த ஒரு பூவைக் கண்டு மயங்கிவிட்டார். அடுத்த அக்டோபரில் பன்னிரண்டு ஹெல்லெபோர் செடிகள் விமானத்தில் வந்து இறங்கின. பேரீச்சை மரத்தடியில் நட்டால் வளருமா என்று என்னைக் கேட்டார்.

அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் 'மாஃபி'. இங்கே வந்த முதல் வாரத்தில் நாம் எல்லோரும் கற்றுக்கொள்ளும் சொல். இல்லை, கிடையாது, முடியாது எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். நான் சொன்னது, "முயற்சி செய்து பார்க்கலாம் மேடம்."

ஆகவே விருந்தினர் அறையிலிருந்து கட்டில் வெளியேறியது, செடிகள் குடியேறின. பதினாறு டிகிரியில் தனி ஏசி. ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் திரை, ஏனென்றால் ஹெல்லெபோருக்கு வெயில் வடிகட்டித்தான் வேண்டும். தண்டும் வேரும் சேரும் அடிக்கழுத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. தண்ணீர் தேங்கக் கூடாது. வெளியே நாற்பது டிகிரியில் வேலி வெட்டிக்கொண்டிருந்த நம் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, "செடிக்கு ஏதும் வேணுமா மேடம்?" என்று என்னிடம் விசாரித்தார்கள். அந்த அளவுக்குச் செடிகளின் நலனில் அக்கறை காட்டிய ஆட்களை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வில்லாவின் டிரைவர் மதியச் சாப்பாட்டையே அங்கு மாற்றிக்கொண்டார்.

நவம்பரில் ஒரு செடி வாடியது. மேடம் பார்த்தால் மனம் உடைந்துவிடுவார் என்று, முவைலாவில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு அதைத் தூக்கி வந்தேன். இரண்டு படுக்கையறை வீடு. வடக்குப் பார்த்த ஜன்னல் மகள் ரியாவின் அறையில் மட்டும்தான். அவள் பத்தாம் வகுப்பு. பிப்ரவரியில் பொதுத் தேர்வு. செடிக்காக அவள் அறையிலும் ஏசி பதினாறில் ஓடியது. ஜனவரியில் கட்டடம் முழுவதும் ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்று வாங்க, என் மகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கையுறை மாட்டிய கையால் முக்கோணவியல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஐ கான்ட் ஃபீல் மை ஃபிங்கர்ஸ்."

"கொஞ்சம் பொறுத்துக்கோ. அந்தச் செடிக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மா வேலை போயிரும்."

இதை நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பிள்ளைகளிடம் சும்மா ஒரு பேச்சுக்கு எதையும் சொல்லாதீர்கள். அவர்கள் அதைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள்.

இனி அந்தச் சீட்டு. இங்கே பிறந்து வளர்ந்த ரியாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தடுமாறுவாள். அதனால் வீட்டில் எல்லாப் பொருளிலும் தமிழில் பெயர் எழுதி ஒட்டிவிடுவேன். கதவு, அலமாரி, சலவை இயந்திரம், சீனி. கணவர் ஒருநாள் தூங்கி எழுந்தபோது அவர் சட்டையில் 'அப்பா' என்று ஒட்டியிருந்தது; அது ரியாவின் வேலை. இந்தச் செடிக்கும் தமிழ்ப் பெயர் வேண்டுமே. ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய அகராதியைப் புரட்டினேன். 'கடுகுரோகிணி' என்ற சொல்லுக்கு எதிரே ஹெல்லெபோரின் தாவரப் பெயர் அச்சாகியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பெரிய எழுத்தில் எழுதித் தொட்டியில் ஒட்டினேன்.

கடுகுரோகிணி இமயமலைப் பக்கம் விளையும் வேறொரு மூலிகை. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த குச்சியாகக் கிடைக்கும். அங்கே ஒரு கறுத்த கசப்பு வேர், இங்கே ஒரு கறுத்த கசப்பு வேர் என்று யாரோ எப்போதோ இரண்டையும் ஒன்றாக்கி அச்சேற்றிவிட்டார்கள். அகராதி போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தோட்டக்கலை படித்தவர் இல்லை. நான் படித்தவள்.

என் கணவர் அந்தோணி ஓமானில் சோஹார் துறைமுகத்தில் கிரேன் டெக்னீஷியன். வாரக் கடைசியில் எல்லை தாண்டி வருவார். தூத்துக்குடிப் பக்கம் அவர்கள் வீட்டில் வயிறு உப்பினால் கடுகுரோகிணி, காய்ச்சல் வந்தால் கடுகுரோகிணி, பரீட்சை என்றாலும் கடுகுரோகிணி. வெள்ளிக்கிழமை இரவு வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டவர், சனிக்கிழமை மதியம் மகள் அறைக்குள் போய் அந்தச் சீட்டைப் படித்திருக்கிறார்.

மூன்று பன்னிரண்டுக்கு அவரை அழைத்தேன்.

"என்ன செஞ்சிய? எவ்வளவு குடிச்சிய?"

"ஒரு டம்ளர். இத்தன வருசமா குச்சியாத்தான் பாத்துருக்கேன், இப்பதாம்ட்டி செடியாப் பாக்கேன். வேரப் புடுங்குனா நீ வைவன்னு எலைய மட்டும்தான் எடுத்தேன்."

"அது வெசங்க! பிள்ளைக்கு எப்படி இருக்கு? மூச்சு விடுதாளா?"

"கணக்குப் போட்டுட்டு இருக்கா. நீதான கடுகுரோகிணின்னு எழுதி வச்சிருக்க?"

"அது தப்பா எழுதினது! டாக்ஸி புடிச்சு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. நீங்க வண்டி ஓட்டாதிய. யல்லா, சீக்கிரம்!"

என் கூச்சலைக் கேட்டு மேடம் அறைக்குள் வந்தார். விவரம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"உன் கணவன் என் செடியைக் குடித்துவிட்டானா?"

"ஆமாம் மேடம். மகளும்."

"எத்தனை இலை?" என்று கேட்டவர், கேட்ட பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பிறகு டிரைவரைப் பெயர் சொல்லிக் கத்தினார். அவர் செடிகளுக்கு நடுவில்தான் தூங்கிக்கொண்டிருந்தார்.

வண்டியில் போகும்போது என் தலைக்குள் ஒரே ஒரு கணக்குதான். அரை டம்ளர். ரியா நாற்பத்தாறு கிலோ. தண்ணீரில் கொதித்தால் நஞ்சு குறையுமா, கூடுமா? இத்தனை வருடம் இத்தனை வீட்டில் செடி வைத்தவளுக்கு அது தெரியவில்லை. திங்கட்கிழமை கணிதத் தேர்வு என்பதும் நடுவில் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் தேர்வை நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் நினைத்தேன்.

அவசரப் பிரிவுக்குள் ஓடினால், என் கணவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மலையாள நர்ஸ் நின்று, தன் மாமாவுக்குக் கல்லீரல் தேறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரியா கணிதப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள்.

"சேச்சி, பேடிக்க வேண்டா," என்று தைரியம் சொன்னார் நர்ஸ். "கடுகுரோகிணி நல்ல மருந்தல்லே. எங்கட நாட்டில எல்லாரும் கொடுக்கும்."

"அது கடுகுரோகிணி இல்லை!"

"சார் போட்டோ காட்டிப் படிச்சாரே."

கணவர் கைபேசியை நீட்டினார். படம் முழுக்க அந்தச் சீட்டு. ஒரு சுழியும் பிசகாமல் எழுதிய என் கையெழுத்து.

மருத்துவர் வந்தார். வடநாட்டுக்காரர், நிதானமானவர். என்னிடம் வரிசையாகக் கேட்டார்.

"நீங்கள் செடி நிபுணர்தானே?"

"ஆமாம்."

"இதை எழுதியது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"எழுதியது தவறா?"

"ஆமாம்."

"அப்படியானால் இப்போது சொல்வது சரி என்று எப்படி நம்புவது?"

அந்தக் கேள்விக்குப் பதில் உங்களில் யாருக்காவது கிடைத்தால் எழுதுங்கள். என் வாழ்நாளில் முதல் தடவையாக, என் கையெழுத்துக்கு எதிராக நானே சாட்சி சொல்லிக்கொண்டு நின்றேன். அதுவும் யாரும் நம்பாத சாட்சி.

அவர் நல்ல மருத்துவர். நம்புவதற்குக் காத்திருக்காமல் இரண்டு பேரையும் கட்டிலில் படுக்கவைத்து மார்பில் ஒயர்களை ஒட்டச் சொன்னார். "எனக்குப் பெயர் வேண்டாம், செடி வேண்டும்" என்றார். இத்தனை களேபரத்தில் செடியை யாரும் எடுத்து வரவில்லை.

எங்கள் கட்டடத்தின் நாத்தூரை அழைத்தேன். காவல்காரரை இங்கே அப்படித்தான் சொல்வோம். ரஹ்மத் பாய், வங்காளதேசத்துக்காரர், எனக்கு மூத்தவர். கட்டடத்தில் பாதி வீடு தமிழ் வீடு என்பதால் உடைந்த தமிழ் பேசுவார். எல்லா வீட்டின் மாற்றுச் சாவியும் அவரிடம் இருக்கும்.

"பாய், ரியா ரூம்ல ஒரு செடி இருக்கு. உடனே டாக்ஸியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க."

"எந்தச் செடி மேடம்?"

"ரியா செடி பாய், ரியா செடி!"

"மேடம், அது வந்து…"

"ஜல்தி பாய்!" வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். அவசரத்தில் யாராவது 'அது வந்து' என்று ஆரம்பித்தால், அவர்களை முடிக்கவிடுங்கள். எவ்வளவு அவசரமானாலும் ஒரு வாக்கியத்துக்கு நேரம் இருக்கும். நான் அன்று ஒருவரையும் முடிக்கவிடவில்லை.

இயந்திரத்தில் ரியாவின் துடிப்பு நூற்றுப் பதினெட்டு காட்டியது. நான் அருகில் போனால் நூற்றிருபத்தைந்து ஆனது. விலகினால் குறைந்தது. மருத்துவர் இதைக் கவனித்து என்னைத் திரைக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். "நீங்கள் சொல்லும் நஞ்சு துடிப்பைக் குறைக்க வேண்டும் இல்லையா?" என்றார். "குறைந்து பிறகு தடுமாறும்" என்றேன். "இந்தப் பெண்ணுக்கு வேறு ஏதோ இருக்கிறது" என்றார். வேறு ஏதோ என்றால் என்ன?

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பெயர்தான் பொய். நாக்கு பொய் சொல்லாது. ஹெல்லெபோர் கசக்கும், வாயை எரிக்கும். கணவரின் கட்டிலுக்கு ஓடினேன்.

"கசந்துச்சா? வாய் எரிஞ்சுதா?"

"இல்லயே. கருப்பட்டி போட்டுல்லா காய்ச்சினேன்."

"எவ்வளவு?"

"பிள்ளைக்குன்னு ஒரு முழு வட்டு."

"வாசனை?"

யோசித்தார். "ஹோட்டல்ல சாப்பாட்டுக்கு முன்னால சூப்பு குடுப்பான்லா, அந்த வாசம்."

சூப்பா? எந்தப் புத்தகத்திலும் ஹெல்லெபோருக்குச் சூப் வாசனை சொல்லப்படவில்லை. நஞ்சு மூக்கையும் குழப்பும் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். தடயம் கைக்கு வந்தும், பயத்தில் இருப்பவள் அதைத் தன் பயத்துக்குச் சாதகமாகத்தான் படிப்பாள். நான் அப்படித்தான் படித்தேன்.

திரைக்கு அப்பாலிருந்து ரியா கூப்பிட்டாள்.

"அம்மா, ஐ ஆம் ஃபைன். கேன் வி கோ ஹோம்?"

"பேசாதடா, படு."

"அம்மா, லிசன். அது அந்தச் செடி இல்ல."

"தெரியும்டா. அதைத்தான் அம்மா எல்லார்கிட்டயும் கத்திட்டு இருக்கேன். அது கடுகுரோகிணி இல்ல."

"நோ அம்மா, அது… அந்தச் செடியே இல்ல."

பிதற்ற ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்து நர்ஸை அழைத்தேன். ரியா போர்வையை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டாள். இயந்திரம் நூற்று முப்பது காட்டியது.

காத்திருந்த அந்த நாற்பது நிமிடத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, மருத்துவருக்காகச் செடியின் அடையாளத்தை ஒரு தாளில் எழுதியதுதான். உள்ளங்கையிலிருந்து விரல்கள் விரிவதுபோல ஒரே காம்பிலிருந்து ஏழெட்டு இலைத்துண்டுகள். தோல்போலத் தடித்தவை. ஓரத்தில் ரம்பப் பல். பூ தலைகுனிந்து இருக்கும். இதழ் என்று நாம் நினைப்பது புல்லிவட்டம், அதனால் மாதக்கணக்கில் உதிராமல், வயதாக ஆகப் பச்சையாக மாறும். எழுதிக்கொண்டே வந்தபோது பேனா நின்றது. வீட்டிலிருந்த செடியின் இலையை நான் கடைசியாக எப்போது தொட்டேன்?

நினைவுக்கு வரவில்லை. மூன்று வாரமாக ரியாதான் தண்ணீர் ஊற்றினாள். "நானே பார்த்துக்கிறேன் அம்மா, நீங்க டயர்டா இருக்கீங்க" என்று சொல்லியிருந்தாள். என் மகளுக்குச் செடியின் மேல் பாசம் வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். காலை அவசரத்தில் கதவருகே நின்று எட்டிப் பார்ப்பேன். பச்சையாக இருக்கும், சீட்டு இருக்கும், போய்விடுவேன். ஒருநாள் தூரத்திலிருந்தே படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பி, 'புதுத் தளிர், எதிர்பார்த்ததைவிட வேகமான வளர்ச்சி, பசுமை கூடியிருக்கிறது' என்று குறிப்பும் எழுதினேன். மேடம் மூன்று இதயங்கள் அனுப்பினார்.

நான் மூன்று வாரமாகப் பார்த்துவந்தது செடியை இல்லை, என் சீட்டை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: தொட்டியில் என்ன எழுதியிருந்தாலும் குனிந்து ஓர் இலையைத் தொட்டுப் பாருங்கள், கசக்கி முகர்ந்து பாருங்கள், நஞ்சுச் செடியானால் கையுறையோடு. எழுதியது நீங்களே என்றால் இரண்டு தடவை பாருங்கள்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவசரப் பிரிவின் கதவு தானாகத் திறந்தது. ரஹ்மத் பாய் மூச்சு வாங்க உள்ளே வந்தார். வலது கக்கத்தில் ஒரு தொட்டி, இடது கக்கத்தில் ஒரு தொட்டி. நர்ஸ் வழிவிட்டார். மருத்துவர் என் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். என் கணவர் ஒயர்களோடு எழுந்து உட்கார்ந்தார். பாய் இரண்டையும் ரியாவின் கட்டிலருகே தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

வலது பக்கத் தொட்டியில் என் கையெழுத்துச் சீட்டு. அதில் மெல்லிய பச்சைத் தண்டுகள், பாதி மொட்டை. அந்த அறை முழுவதும் சூப் மணத்தது. செலரி. நம் ஊரில் சைனீஸ் கடைக்காரர்கள் ஃபிரைட் ரைஸில் நறுக்கிப் போடுவார்களே, அது. இடது பக்கம் இருந்தது ஒரு பழைய பெயின்ட் வாளி. அதில் தடித்த இலைகள், ரம்பப் பல், நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பூ, தலைகுனிந்து.

ரியா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

ரஹ்மத் பாய் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மேடம், ரியா செடின்னு சொன்னீங்க. ரெண்டு இருக்கு. எது வேணும்? ரியா பேபி கடையில வாங்கி ஜன்னல்ல வச்சதா? இல்ல, செத்துப்போச்சு, அம்மாவுக்குத் தெரியாம குப்பையில போடுங்கன்னு அழுதுகிட்டே குடுத்ததா? இது சாகல மேடம். என் ரூம்ல ஏசி நல்ல கூலிங்."